எந்த இயந்திரத்தின் வினாடி?

மெயின்பிரேம் கணினியில் ஒரு வேலை ஓடி முடிந்ததும் அதன் பதிவில் ஒரு வரி விழும். அந்த வேலை எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை வினாடி சிபியுவைப் பயன்படுத்தியது என்று அந்த வரி சொல்லும். வினாடியை நூறாகப் பங்கிட்டு இரண்டு தசம இடம் வரை சொல்லும். இதைவிடத் தெளிவான கணக்கு இருக்க முடியாது என்றுதான் முதலில் தோன்றும்.

ஒரு வங்கியை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசி இரவில் வட்டி போடும் நிரல் ஓடுகிறது. பதிவில் 120.00 வினாடி என்று வருகிறது. அடுத்த மாதத்துக்குள் வங்கி புது மெயின்பிரேமுக்கு மாறிவிட்டது. அதே நிரல், அதே எண்ணிக்கையில் வாடிக்கையாளர் கணக்குகள். இப்போது 75.00 வினாடி. வட்டி போடும் வேலையில் ஒரு துளியும் குறையவில்லை. புது இயந்திரத்தின் ஒரு வினாடிக்குள் பழையதைவிட அதிக வேலை நடக்கிறது, அவ்வளவுதான்.

நம் ஊர்களில் நெல்லைப் படியால் அளந்த காலத்தில் படி ஊருக்கு ஊர் வேறுபட்டது. நூறு படி நெல் என்றால் எந்த ஊர்ப் படி என்று கேட்காமல் யாரும் விலை பேசியதில்லை. சிபியு வினாடியும் அப்படிப்பட்ட அளவைதான். அதைச் சொல்லும்போது எந்த இயந்திரத்தின் வினாடி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிபியு நேரத்தை அளப்பதில் மெயின்பிரேம் பொறியாளர்கள் மிகப் பெரிய துல்லியத்தை எட்டிவிட்டார்கள். அப்படி அளந்ததை ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் இடத்தில்தான் அறிவும் நேர்மையும் சேர்ந்து தேவைப்படுகின்றன. இந்த அத்தியாயம் அந்த இரண்டு வேலைகளையும் பற்றியது.

நேரத்துக்குப் பஞ்சம்

சிபியு நேரத்தை ஏன் அளக்க வேண்டும்? ஒரே இயந்திரத்தைப் பலர் பங்குபோட்டுக்கொண்டதால்தான் அந்தத் தேவையே வந்தது.

அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் 1961இல் சிடிஎஸ்எஸ் என்ற நேரப் பகிர்வு அமைப்பு உருவானது. பல பேர் தனித்தனி முனையங்களில் உட்கார்ந்து ஒரே கணினியை ஒரே சமயத்தில் பயன்படுத்த அது வழிசெய்தது. ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று பங்கு வைத்தார்கள். ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 மணி நேரம். அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962இல் அவர் துளை அட்டை ஒன்றைத் தயாரித்து, எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பை அச்சிடச் சொல்லிக் கணினிக்குக் கொடுத்தார். அது அச்சாகி வந்தது. மற்றவர்களின் பங்கு நேரத்தில் தன் வேலையைத் தொடர்ந்தார். கடவுச்சொல் திருட்டின் வரலாற்றில் இது மிகப் பழைய நிகழ்ச்சிகளுள் ஒன்று. நேரத்தைத் திருடிய அதே ஷெர் செய்துகொண்டிருந்த ஆய்வு, நேரப் பகிர்வுக் கணினிகளின் செயல்திறனை அளப்பது பற்றியது. பின்னாளில் அவர் ஐபிஎம்மில் சேர்ந்து, எம்விஎஸ் என்ற மெயின்பிரேம் இயங்குதளம் உருவானதில் முக்கியப் பங்கு வகித்தார்.

இந்தப் பஞ்சம் அமெரிக்காவோடு நிற்கவில்லை. சென்னை ஐஐடிக்கு மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐபிஎம் 370/155 கணினி 1973இல் வந்தது. ஒரு கல்வி நிறுவனம் முழுவதும் துளை அட்டைக் கட்டுகளைக் கொண்டுவந்து காத்திருந்த ஒற்றை இயந்திரம் அது. அப்படிப்பட்ட இடத்தில் யார் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்ற கணக்கு இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

மின்சாரத்தின் துடிப்பிலிருந்து மைக்ரோ வினாடிக்கு

ஐபிஎம் 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில் நேரத்தை அளக்க ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. நினைவகத்தின் 80ஆம் முகவரியில் ஓர் எண். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சிக்கும் அந்த எண் குறைந்துகொண்டே வரும். அமெரிக்காவில் மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50. எனவே அமெரிக்காவில் விற்கும் இயந்திரத்தில் ஒவ்வொரு சுழற்சிக்கும் 5 கழியும்படியும், 50 சுழற்சி உள்ள நாடுகளில் 6 கழியும்படியும் அமைத்தார்கள். 60ஐ 5ஆல் பெருக்கினால் 300. 50ஐ 6ஆல் பெருக்கினாலும் 300. எந்த நாட்டில் ஓடினாலும் நிரலுக்கு ஒரு வினாடி என்பது 300 அலகுகள். மெயின்பிரேம் வரலாற்றில் அலகு மாற்றம் தொடக்கத்திலேயே வன்பொருளுக்குள் புகுந்துவிட்டது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் 50 சுழற்சி மின்சாரத்தில் அந்த எண் 20 மில்லி வினாடிக்கு ஒருமுறைதான் மாறும். அந்த இடைவெளிக்குள் கணினி ஆயிரக்கணக்கான கட்டளைகளைச் செய்து முடித்துவிடும். சின்ன வேலை ஒன்று இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் ஓடி முடிந்தால் அதன் கணக்கில் ஒன்றும் விழாது. அடுத்த துடிப்பின்போது தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த வேலையின் தலையில் முழுச் சுமையும் விழும்.

சிஸ்டம்/370 காலத்தில் இது அடியோடு மாறியது. இரண்டு புதிய கடிகாரங்கள் வந்தன. ஒன்று நாட்கடிகாரம். 1900 ஜனவரி 1ஆம் தேதியைத் தொடக்கமாகக் கொண்டு ஏறிக்கொண்டே போகும் 64 பிட் எண் அது. இடப்பக்கத்திலிருந்து 0, 1, 2 என்று எண்ணிக்கொண்டு வந்தால் 51ஆம் பிட் ஒவ்வொரு மைக்ரோ வினாடிக்கும் ஒருமுறை மாறும். அதற்கு வலப்பக்கம் இருக்கும் 12 பிட்டுகள் மைக்ரோ வினாடியின் பின்னங்கள். இரண்டாவது சிபியு டைமர். அதே வடிவம்தான், ஆனால் இறங்குமுகமாக ஓடும். ஒரு வேலைக்கு பிராசசரைக் கொடுக்கும்போது இயங்குதளம் இந்த டைமரைக் குறித்துக்கொள்ளும். வேலை குறுக்கிடப்படும்போது மறுபடி படிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வேலையின் கணக்கில் ஏறும். ஒரு நாளில் எத்தனையோ கோடி முறை இது நடக்கிறது.

இந்தக் கச்சா எண்ணை மைக்ரோ வினாடியாக மாற்ற அதை 4096ஆல் வகுக்க வேண்டும். பதினாறடிமான எண்முறையில் எழுதினால் வகுக்கவே வேண்டாம். கடைசி மூன்று இலக்கங்களை வெட்டிவிட்டால் போதும். ஒரு முழு வினாடி இந்தக் கடிகாரத்தில் எஃப்4240000 என்று தெரியும். கடைசி மூன்று சுழிகளை நீக்கினால் எஃப்4240. தசம எண்ணில் அது சரியாக 10,00,000. பழகிய மெயின்பிரேம் நிரலர்கள் இந்த எட்டு இலக்கங்களைப் பார்த்ததும் ஒரு வினாடி என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த 64 பிட் கடிகாரம் 2042 செப்டம்பர் 17 அன்று நிரம்பி மறுபடி சுழிக்கு வரும். அதற்கான நீட்டிப்பு வடிவத்தை வன்பொருளில் ஏற்கெனவே சேர்த்துவிட்டார்கள்.

யார் கணக்கில் எழுதுவது?

மைக்ரோ வினாடி வரை அளந்த நேரத்தை யார் பெயரில் எழுதுவது என்பது அடுத்த கேள்வி. மெயின்பிரேமில் இதற்கென்றே எஸ்எம்எஃப் என்ற பதிவு ஏற்பாடு ஓஎஸ்/360 காலத்திலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு வகைப் பதிவுக்கும் ஓர் எண். வகை 30 ஒரு வேலை பயன்படுத்தியவற்றைச் சொல்லும். வகை 70 பிராசசர்கள் எவ்வளவு நேரம் மும்முரமாக இருந்தன என்று இயந்திரத்தின் பக்கத்திலிருந்து சொல்லும். வகை 72 வேலைகளை வகுப்புகளாகப் பிரித்து, எந்த வகுப்பு எவ்வளவு எடுத்தது என்று சொல்லும்.

ஒரு வேலையின் சிபியு நேரத்துக்குள் பல பைகள் உண்டு. நிரல் தானே ஓடிய நேரம் டிசிபி நேரம். அந்த நிரலுக்காக இயங்குதளம் உயர் முன்னுரிமையில் செய்து கொடுத்த பணிகளின் நேரம் எஸ்ஆர்பி நேரம். உள்ளீடு, வெளியீட்டுக் குறுக்கீடுகளைக் கவனித்த நேரம் இன்னொரு பை. ஒருவர் டிசிபி நேரத்தை மட்டும் கூட்டி அறிக்கை எழுதுவார். மற்றொருவர் எல்லாவற்றையும் கூட்டுவார். இருவருடைய எண்ணும் ஒரே இயந்திரத்தில், ஒரே மணி நேரத்தில், ஒரே வேலைக்கு வேறு வேறாக இருக்கும். இருவரும் சரியாகவே கூட்டியிருப்பார்கள்.

எந்தப் பையிலும் சேராத நேரமும் இருக்கிறது. ஒரு குறுக்கீடு வந்ததும் அது யாருக்கானது என்று கண்டுபிடிப்பதற்குள் ஆகும் நேரம், அடுத்து யாரை ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் நேரம் போன்றவை பெரும்பாலும் பொதுக்கணக்கில் தங்கிவிடும். வகை 70 காட்டும் மொத்த நேரத்தில் வகை 72 எவ்வளவு பங்கைக் கணக்குக் காட்டுகிறது என்ற விகிதத்துக்குப் பிடிப்பு விகிதம் என்று பெயர்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒரு மெயின்பிரேமில் 10 பிராசசர்கள். ஐபிஎம் 1988இல் 3090 வரிசையில் கொண்டுவந்த பிஆர்/எஸ்எம் முறையில் அதைப் பல தருக்கப் பகிர்வுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் ஒரு பகிர்வுக்கு 2 தருக்கப் பிராசசர்கள். அந்தப் பகிர்வு ஒரு மணி நேரம் சராசரியாக 80 சதவீதம் மும்முரமாக இருந்தது என்று அறிக்கை சொல்கிறது. 2இல் 80 சதவீதம் என்றால் 1.6 பிராசசர். ஒரு மணிக்கு 3,600 வினாடி. ஆக 5,760 சிபியு வினாடி. அந்த மணி நேரத்தில் ஓடிய எல்லா வேலைகளின் கணக்கையும் கூட்டினால் 5,184 வினாடிதான் வருகிறது. பிடிப்பு விகிதம் 0.90. மீதி 576 வினாடிக்கு உரிமை கொண்டாட ஆள் இல்லை.

ஆனால் அந்த 576 வினாடியும் இயந்திரத்தில் செலவான நேரம்தான். அதற்கும் பணம் கொடுத்திருக்கிறார்கள். வழக்கமாக ஒவ்வொரு வேலையின் நேரத்தையும் 0.90ஆல் வகுத்து அதைப் பங்கிட்டுவிடுவார்கள். 120 வினாடி எடுத்த வேலையின் பெயரில் 133.33 வினாடி எழுதப்படும். நிறையக் கோப்புகளைப் படித்து எழுதும் வேலைகள்தான் குறுக்கீடுகளை அதிகம் உண்டாக்குகின்றன. கணக்கிலேயே மூழ்கிக் கிடக்கும் வேலைகள் அவ்வளவு உண்டாக்குவதில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே விகிதம் போடுவதைவிட வேலையின் வகைக்கு ஏற்றபடி விகிதத்தை மாற்றுவதே நியாயம்.

இதே எடுத்துக்காட்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. பகிர்வுக்குள் பார்த்தால் 80 சதவீதம். முழு இயந்திரத்தின் 10 பிராசசர்களில் 1.6 என்று பார்த்தால் 16 சதவீதம். இரண்டும் சரியான எண்கள். எதன் சதவீதம் என்று சொல்லாமல் ஒரு கூட்டத்தில் 80 என்று அறிவித்தால் புது இயந்திரமே வாங்கிவிடுவார்கள். சதவீதத்தைச் சிபியு வினாடியாக மாற்றி எழுதுவதே பாதுகாப்பான வழக்கம்.

வினாடியைச் சேவை அலகாக மாற்றுதல்

1974இல் வந்த எம்விஎஸ் இயங்குதளம், வினாடியின் மதிப்பு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் சிக்கலுக்கு ஒரு விடை வைத்திருந்தது. சேவை அலகு என்ற பொது அளவை அது கையாண்டது. ஒவ்வொரு மாடலுக்கும் ஐபிஎம் ஒரு சரிக்கட்டு எண்ணைக் கொடுக்கும். 1,60,00,000ஐ அந்த எண்ணால் வகுத்தால், அந்த மாடலில் ஒரு பிராசசர் ஒரு வினாடியில் எத்தனை சேவை அலகு வழங்கும் என்று கிடைக்கும்.

முதலில் சொன்ன வங்கியின் கணக்கை இதில் போட்டுப் பார்க்கலாம். எளிமைக்காக முழு எண்களை வைத்துக்கொள்வோம். பழைய இயந்திரத்தின் சரிக்கட்டு எண் 320. வினாடிக்கு 50,000 சேவை அலகு. 120 வினாடிக்கு 60,00,000 அலகு. புது இயந்திரத்தின் எண் 200. வினாடிக்கு 80,000 அலகு. 60,00,000ஐ 80,000ஆல் வகுத்தால் 75 வினாடி. வேலையின் அளவு மாறாமல் 60,00,000 அலகாகவே நிற்கிறது.

வங்கியின் பிற துறைகளுக்கு நேரக் கணக்கில் கட்டணம் போடுபவருக்கு இது பெரிய உதவி. வினாடிக்கு இவ்வளவு ரூபாய் என்று வைத்திருந்தால், இயந்திரம் மாறிய மறுநாளே எல்லாத் துறைகளின் பில்லும் காரணமில்லாமல் குறைந்துவிடும். சேவை அலகில் வைத்திருந்தால் விலைப்பட்டியலைத் தொட வேண்டியதில்லை.

இனி வங்கி பழைய இயந்திரத்திலேயே பிராசசரின் எண்ணிக்கையை 1லிருந்து 4 ஆக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சரிக்கட்டு எண் அப்போது கூடும். 360 என்று வைத்துக்கொண்டால் ஒரு பிராசசருக்கு வினாடிக்கு 44,444 அலகு. அதே வட்டிக் கணக்கு இப்போது 135 சிபியு வினாடி காட்டும். பிராசசர்களைக் கூட்டியபின் வேலையின் சிபியு நேரம் ஏறிவிட்டதே என்று பலர் திகைப்பார்கள். காரணம் இருக்கிறது. நான்கு பிராசசர்களும் ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றன. ஒன்று மாற்றிய தகவலை மற்றொன்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஒரே பூட்டுக்கு இரண்டு பிராசசர்கள் காத்திருக்க நேரிடுகிறது. அந்தக் காத்திருப்பும் சிபியு நேரமாகவே பதிவாகிறது. நான்கும் சேர்ந்து கொடுப்பது 2,00,000 அலகுக்குப் பதில் 1,77,778 அலகுதான்.

கட்டளைகளை எண்ணினால் என்ன?

1970களில் இன்னோர் அளவு பரவியது. வினாடிக்கு எத்தனை பத்து லட்சம் கட்டளைகள் என்ற மிப்ஸ். அந்தக் காலத்தில் ஐபிஎம்மின் நிரல்களையே ஓட்டக்கூடிய இயந்திரங்களை வேறு நிறுவனங்களும் விற்கத் தொடங்கின. சிஸ்டம்/360இன் கட்டமைப்பை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஜீன் ஆம்டால் 1970இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1975இல் அவருடைய 470வி/6 இயந்திரம் வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. வாங்குபவர்களுக்கு எல்லா இயந்திரங்களையும் ஒப்பிட ஒற்றை எண் தேவைப்பட்டது. ஐபிஎம் 370 மாடல் 158ஐ ஏறத்தாழ 1 மிப்ஸ் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சொன்னார்கள்.

கட்டளைகளின் எண்ணிக்கை வேலையின் அளவு ஆகாது என்பதற்கு மெயின்பிரேமுக்குள்ளேயே சான்று உண்டு. எல்ஆர் என்ற கட்டளை ஒரு பதிவகத்தில் இருக்கும் 4 பைட்டை இன்னொரு பதிவகத்துக்கு நகலெடுக்கும். எம்விசிஎல் என்ற கட்டளை நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு 1,67,77,215 பைட் வரை நகர்த்தும். எண்ணும்போது இரண்டும் தலைக்கு ஒன்று. எம்விசிஎல் நிறைந்த நிரலை ஓட்டும் கணினி மிகக் குறைந்த மிப்ஸ் காட்டும். ஆனால் மலையளவு வேலை செய்திருக்கும்.

ஐபிஎம் இதற்கு வேறு வழியில் விடை தேடியது. வங்கிப் பரிவர்த்தனை, பேட்ச் வேலை, தரவுத்தளத் தேடல் போன்ற உண்மையான வேலைகளின் மாதிரிகளை ஒவ்வொரு மாடலிலும் ஓட்டிப் பார்த்து முடிவுகளை எல்எஸ்பிஆர் என்ற அட்டவணையாக வெளியிடுகிறது. அதன் அடிப்படை எளியது. செய்து முடித்த வேலையை பிராசசர் மும்முரமாக இருந்த நேரத்தால் வகுக்க வேண்டும். வினாடிக்கு 900 பரிவர்த்தனை நடக்கும்போது பிராசசர் 90 சதவீதம் மும்முரம் என்றால், முழு மும்முரத்தில் அது 1,000 பரிவர்த்தனை செய்யும். இந்த எண்ணை இரண்டு மாடல்களுக்குக் கண்டு வகுத்தால் மாற்று விகிதம் கிடைத்துவிடும்.

இப்படி ஓட்டிப் பார்த்ததில் ஒரு முக்கியமான உண்மை தெரிந்தது. எந்த இரண்டு இயந்திரங்களுக்கும் இடையில் ஒற்றை மாற்று விகிதம் என்பது கிடையாது. வேலையைப் பொறுத்து விகிதம் மாறுகிறது.

அதற்குக் காரணம் கேஷ் நினைவகம். இன்றைய பிராசசர் தன் முதல் நிலைக் கேஷிலிருந்து தகவலை எடுக்க ஒருசில சுழற்சிகள் போதும். அங்கே கிடைக்காவிட்டால் இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று போகும். முதன்மை நினைவகம் வரை போனால் நூற்றுக்கணக்கான சுழற்சிகள் வீணாகக் காத்திருக்க நேரும். அந்தக் காத்திருப்பும் வேலையின் சிபியு நேரத்தில்தான் சேரும். ஆகவே கேஷுக்குள் அடங்கிவிடும் வேலை ஒரு மாதிரியும், நினைவகம் முழுவதும் அலையும் வேலை வேறு மாதிரியும் புது இயந்திரத்தால் பயனடைகின்றன.

2008இல் வந்த இசட்10 இயந்திரத்திலிருந்து இதை வன்பொருளே எண்ணிச் சொல்கிறது. எஸ்எம்எஃப் வகை 113 பதிவுகளில் அந்த எண்ணிக்கைகள் வரும். 100 கட்டளைகளுக்கு எத்தனை முறை முதல் நிலைக் கேஷில் தகவல் கிடைக்காமல் போனது என்பது ஒன்று. அது 3க்குக் கீழா, 3 முதல் 6 வரையா, 6க்கு மேலா என்று பார்ப்பார்கள். கிடைக்காமல் போனபோது எவ்வளவு தூரம் போய்த் தேட வேண்டியிருந்தது என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்து வேலையைக் குறைவு, சராசரி, அதிகம் என்ற மூன்று வகைகளில் ஒன்றில் வைத்து, அந்த வகைக்கு உரிய விகிதத்தைக் கையாளுவார்கள்.

கடிகார வேகத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2012இல் வந்த இசட்இசி12 இயந்திரத்தின் வேகம் 5.5 கிகாஹெர்ட்ஸ். 2015இல் வந்த இசட்13 இயந்திரத்தின் வேகம் 5 கிகாஹெர்ட்ஸ். வேகம் குறைந்தது. ஆனால் ஒரு பிராசசர் செய்யும் வேலையின் அளவு கூடியது. கேஷும் கட்டளைகளை இணையாக நடத்தும் திறனும் பெரிதானதால் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிக வேலை நடந்தது.

ஒரே பெட்டிக்குள் இரண்டு வேகம்

ஒரே இயந்திரத்துக்குள்ளேயே மாற்று விகிதம் தேவைப்படும் இடமும் உண்டு. 2006இல் ஐபிஎம் இசட்ஐஐபி என்ற சிறப்புப் பிராசசரை அறிமுகம் செய்தது. தரவுத்தளப் பணிகளில் ஒரு பகுதி போன்ற, தகுதி பெற்ற வேலைகள் மட்டும் அதில் ஓடும். அதில் ஓடும் நேரத்துக்கு மென்பொருள் கட்டணம் சேராது.

பல நிறுவனங்கள் பொதுப் பிராசசரை முழு வேகத்தில் வாங்குவதில்லை. ஒரே சில்லை வேண்டுமென்றே மெதுவாக்கி, குறைந்த விலையில் ஐபிஎம் கொடுக்கும். ஆனால் இசட்ஐஐபி எப்போதும் முழு வேகம்தான். ஒரு வேலை பொதுப் பிராசசரில் 40 வினாடியும் இசட்ஐஐபியில் 10 வினாடியும் ஓடியது என்றால் மொத்தம் 50 வினாடி என்று கூட்டக் கூடாது. இயங்குதளம் ஒரு சரிக்கட்டு எண்ணைத் தரும். அதை 256ஆல் வகுக்க வேண்டும். எண் 512 என்றால் விகிதம் 2. இசட்ஐஐபியின் 10 வினாடி, பொதுப் பிராசசரின் 20 வினாடிக்குச் சமம். மொத்தம் 60. வகுக்க மறந்தவரின் அறிக்கையில் அந்த 10 வினாடி 5,120 வினாடியாகி நிற்கும். அப்போதாவது தவறு கண்ணில் படும். பெருக்கவே மறந்தால் யாருக்கும் தெரியாது. அதுதான் ஆபத்து.

பில் வரும் நேரம்

மெயின்பிரேம் உலகில் அளவீடு நேராகப் பணத்தோடு இணைந்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பத்து லட்சம் சேவை அலகு என்பதை எம்எஸ்யு என்கிறார்கள். வங்கியின் பழைய ஒற்றைப் பிராசசர் இயந்திரம் வினாடிக்கு 50,000 அலகு. 3,600ஆல் பெருக்கினால் மணிக்கு 18,00,00,000. அதாவது 180 எம்எஸ்யு. நான்கு பிராசசர் வைத்தால் 640 எம்எஸ்யு.

2000இல் ஐபிஎம், முழு இயந்திரத்தின் கொள்ளளவுக்குப் பதிலாகப் பயன்படுத்திய அளவுக்கு மென்பொருள் கட்டணம் வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. உச்சத்தில் ஒரு நிமிடம் எகிறியதற்குக் கட்டணம் போடுவது அநியாயம் என்பதால் நான்கு மணி நேர நகரும் சராசரியை எடுத்துக்கொண்டார்கள். 5 நிமிடத்துக்கு ஒன்றாக 48 அளவுகளின் சராசரி அது. மாதத்தின் 2ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 1ஆம் தேதி வரை அந்தச் சராசரி எட்டிய மிக உயர்ந்த மதிப்பு பில்லைத் தீர்மானிக்கும்.

இதன் விளைவு நுட்பமானது. மூன்று மணி நேரம் 200 எம்எஸ்யுவும் ஒரு மணி நேரம் 600 எம்எஸ்யுவும் ஓடினால் சராசரி 300. நான்கு மணி நேரமும் 500 ஓடினால் சராசரி 500. 600ஐத் தொட்டவரைவிட 500ஐத் தாண்டாதவர் அதிகம் கட்டுவார். உச்ச நேரத்தில் ஓடாத ஒரு நிரலை எவ்வளவு செம்மைப்படுத்தி சிபியு நேரத்தைக் குறைத்தாலும் பில்லில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. உச்ச நேரத்தில் ஓடும் சின்ன நிரல் ஒன்றைப் பின்னிரவுக்கு மாற்றினாலே குறையும். 2019இல் ஐபிஎம் அறிமுகம் செய்த டெய்லர்டு ஃபிட் பிரைசிங் முறையில் மொத்தப் பயன்பாட்டை வைத்துக் கணக்கிடவும் வழி வந்தது. அதைத் தேர்ந்தெடுத்த நிறுவனத்தில் எந்த நேரத்தில் சேமித்தாலும் சேமிப்புதான். சிபியுவைக் குறைக்கும் வேலையில் இறங்குமுன் எந்த முறையில் பில் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கையும் அவசியம். 2003இல் வந்த இசட்990 இயந்திரத்திலிருந்து ஐபிஎம் மென்பொருள் விலைக்கான எம்எஸ்யு எண்ணை உண்மையான கொள்ளளவைவிடச் சுமார் 10 சதவீதம் குறைத்து அறிவித்தது. புது இயந்திரத்துக்கு மாறுபவர்களுக்கு அது ஒரு தள்ளுபடி. அன்றிலிருந்து எம்எஸ்யு என்ற பெயரில் இரண்டு எண்கள் உலவுகின்றன. சேவை அலகைப் பெருக்கி வருவது ஒன்று. விலைப்பட்டியலில் இருப்பது மற்றொன்று. கொள்ளளவைத் திட்டமிட முதல் எண். பில்லைச் சரிபார்க்க இரண்டாவது எண். ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் வைத்தால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

படிப்பவருக்கு ஒரு வேண்டுகோள்

மெயின்பிரேமை நேரில் பார்க்காதவர்களுக்கும் இந்தப் பாடம் பயன்படும். இன்று மேகக் கணிமையில் விசிபியு மணி என்ற பெயரில் லட்சக்கணக்கானோர் பிராசசர் நேரத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்த ஒரு மணிக்குள் எவ்வளவு வேலை நடக்கும் என்பது, அடியில் இருக்கும் சில்லையும் அதே சில்லைப் பகிரும் மற்றவர்களின் வேலைகளையும் உங்கள் நிரல் நினைவகத்தைக் கையாளும் விதத்தையும் பொறுத்தது. மெயின்பிரேம்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் சந்தித்த அதே சிக்கல்தான் இது. அவர்கள் அதற்கு அலகுகளும் அட்டவணைகளும் பதிவுகளும் வைத்திருக்கிறார்கள். மேகக் கணிமையின் பில்லில் பெரும்பாலும் மணிக்கணக்கு மட்டுமே இருக்கிறது.

ஆகவே சிபியு பற்றிய எந்த எண்ணை யார் காட்டினாலும், இது எந்த இயந்திரத்தில் அளந்தது, எந்தெந்த நேரங்களைச் சேர்த்தது, அப்போது கூட ஓடிய வேலைகள் என்ன என்று கேளுங்கள். நீங்கள் ஓர் அறிக்கை எழுதினால் இந்த விடைகளை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். முடிந்தால் மாற்று விகிதத்தை மட்டும் நம்பாமல் உங்கள் சொந்த வேலையைப் புது இயந்திரத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். ஓட்டிப் பார்த்து அளந்த எண்ணுக்கு ஈடாக எந்த அட்டவணையும் இல்லை.